கண்டனூர் நாற்பத்தேழாம் கல்

ஜனவரி 8, 2025. புதன்

இன்று ஒரு நாட்டின் எல்லையை நாய்க்குப் பயந்து குறித்துவிட்டு வந்திருக்கிறேன்.

எழுதிப் பார்த்தால் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. ஐம்பத்து மூன்று வயது, இருபத்தெட்டு வருடம் நில அளவைத் துறையில் வேலை, சர்வேயர் ஃபெலிக்ஸ் என்றால் காரைக்குடி வட்டாரத்தில் வரப்புத் தகராறு உள்ளவன் எல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொல்வான். அந்த ஃபெலிக்ஸ் இன்று அரை மணி நேரம் ஒரு மதில் மேல் குந்திக்கொண்டிருந்தான்.

கண்டனூரில் அது ஒரு செட்டிவீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பின்தெருவைத் தாண்டினால் கருவேலம்புதர். அந்தப் புதருக்குள் நாற்பத்தேழாம் நம்பர் எல்லைக்கல் இருக்க வேண்டும். சமஸ்தான காலத்துக் கல். அதற்கு இங்குட்டு சிவகங்கைச் சீமை, அங்குட்டு புதுக்கோட்டைச் சீமை. கல்லைக் கண்டுபிடித்து, ஜி.பி.எஸ். கருவியை அதன் தலையில் வைத்து, ரீடிங் எடுத்து, போட்டோவோடு அனுப்ப வேண்டும். பத்து நிமிட வேலை.

எனக்குத் தாகம். அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் செம்மலை வடை வாங்கப் போயிருந்தார். பின்வாசல் திறந்து கிடந்தது, தண்ணீர் கேட்கலாம் என்று உள்ளே போனேன். கிணற்றடியில் படுத்திருந்த நாய் எழுந்தது. கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. பேன்ட் கிழிந்தது மட்டும் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பின்வாசல் அறையில் குடியிருக்கும் அம்மாள் வந்தார். நிமிர்ந்து பார்த்து, "மதில் மேல என்ன சார் பண்றீக?" என்றார்.

"அளக்குறேன்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். சொன்ன பிறகு அளக்காமல் இருக்க முடியுமா? கருவியை முடுக்கினேன், மூஞ்சியைக் கடுமையாக வைத்துக்கொண்டேன், கீழே ஒரு கருங்கல் தெரிந்தது, எல்லைக்கல் மாதிரியே சதுரமாக. தூரத்தைக் கண்ணால் கணக்குப் பண்ணிக் குறித்து, போட்டோ எடுத்து, 'கல் 47, நல்ல நிலையில் உள்ளது' என்று அனுப்பிவிட்டேன். செம்மலை வடையோடு வந்தபோது வேலை முடிந்திருந்தது. "அதுக்குள்ளயா சார்!" என்று ஆச்சரியப்பட்டார்.

வீட்டுக்கு வந்து போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லின் மேல் நீலக்கலர் சோப்புத் துண்டு ஒன்று இருந்தது.

ஜனவரி 9

துவைக்கிற கல்லுக்கும் உண்மைக் கல்லுக்கும் சர்வே புலப்படத்தின்படி முப்பத்து நாலு அடி. நாளைக்குப் போய்ச் சரிசெய்துவிடலாம்.

ஜனவரி 10

போகவில்லை. நாய்.

ஜனவரி 12, ஞாயிறு

பூசையில் உட்கார முடியவில்லை. முழங்கால் போட வேண்டிய இடத்தில் நின்றேன், நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்தேன். அனிதா இடுப்பில் கிள்ளினாள்.

பிரசங்கத்தில்கூட பிரிவினைதான். நாற்பத்தேழில் வெள்ளைக்காரன் போனபோது தனித்தனியாகவே நின்ற சீமைகள், இரண்டாயிரத்துப் பதினாலில் கையைக் கோத்துக்கொண்டு 'தென்சீமைக் கூட்டரசு' ஆனதை நானும் பட்டாசு வெடித்துக் கொண்டாடியவன்தான். பதினோரு வருடம் ஆகவில்லை. கொடிக்கு என்ன நிறம் என்பதில் தொடங்கியது. தலைநகரம் எங்கே என்பதில் முற்றியது. ஆறு மாதம் சிவகங்கை, ஆறு மாதம் புதுக்கோட்டை என்று பீரோக்களை லாரியில் ஏற்றி இறக்கியதில் என்னுடைய சர்வீஸ் புத்தகமே இரண்டு வருடமாகத் திருமயம் பக்கம் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் கிடக்கிறது. கடைசியில், வேண்டாம்ப்பா, அவரவர் தனிநாடாகப் போவோம் என்று கும்பிட்டுப் பிரிகிறார்கள். ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல். இந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தவனைப் பார்க்க வேண்டும். நிதியாண்டுத் தொடக்கமாம்!

சண்டை இல்லாத பிரிவு என்று எல்லாருக்கும் பெருமை. பழைய கல் இருக்கும் இடமே எல்லை என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டுவிட்டன. கல் இருந்தால் போதும், வாதம் இல்லை.

கல் இருந்தால்.

ஜனவரி 21, செவ்வாய்

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நூற்றுப் பன்னிரண்டு கற்களையும் முதலில் முடித்த பிரிவு எங்கள் பிரிவுதானாம். மேலதிகாரி கார்த்திகேய சிவம் மைக்கைப் பிடித்து, "ஃபெலிக்ஸ் சார் குறிச்ச கல்லுல ஒரு அங்குலம் பிசகு இருக்காது" என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கே நான் தட்டியதைப் பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டார்.

அங்குலம் இல்லை சார். முப்பத்து நாலு அடி.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பொன்னாடை நல்ல பட்டு. அதுவும் ஒரு காரணம் என்று எழுதிவைக்கிறேன், பொய் சொல்லக் கூடாது.

என்ன ஆகிவிடப் போகிறது? ஒரு கிணற்றடி, ஒரு அறை, கொஞ்சம் தெரு. அந்த நாட்டுக்குப் போனால் என்ன, இந்த நாட்டில் இருந்தால் என்ன?

பிப்ரவரி 3, திங்கள்

அடுப்பு விதி வந்துவிட்டது.

எல்லைக்கோடு வீட்டுக்குள்ளே போனால் அந்த வீட்டு ஆள் எந்த நாட்டுக் குடி? எல்லைக் கமிஷன் மூன்று மாதம் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த பதில்: அடுப்பு எந்தப் பக்கமோ ஆள் அந்த நாடு. ரேஷன் கார்டு காலத்துப் புத்தி. கண்டனூர் கடைக்காரர் முத்தழகு வீட்டில் சோற்றடுப்பு இந்தப் பக்கம், டீ அடுப்பு அந்தப் பக்கமாம். அதிகாரிகள் வந்து கேட்டதற்கு அவர் சம்சாரம், "சோத்துக்கு எங்க வாராரோ அங்குட்டு எழுதுங்க, டீக்கு அவரு எங்க போறாருன்னு எனக்குத் தெரியும்" என்றாராம். ஊரே சிரிக்கிறது. நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது.

அந்த ஒற்றை அறை. பின்வாசலை ஒட்டிய அறை. அதில் ஒரு அடுப்பு இருக்குமே.

பிப்ரவரி 6, வியாழன்

போய்ப் பார்த்தேன். செம்மலையை முன்னால் விட்டுத்தான் போனேன். நாய் செம்மலையின் காலை நக்கியது.

அந்த அம்மாள் பெயர் பொன்னுத்தாயி. என்னைவிட மூன்று வயது மூப்பு, அதனால் அக்கா. வீட்டுக்காரர்கள் கல்யாணம் திருவிழா என்றால் வந்து இறங்குவார்கள், மற்ற நாளில் இவர்தான் காவல். பகலில் காரைக்குடியில் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல். இருபத்திரண்டு வருடமாக முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறார்.

தாளைக் காட்டினார். 'தங்கள் அடுப்பு புதுக்கோட்டை நாட்டு எல்லைக்குள் அமைவதால்...' ஏப்ரல் முதல் அவர் வெளிநாட்டுக்காரர். வெளிநாட்டுக்காரர் இங்கே அரசு வேலை பார்க்க முடியாது.

"எங்க கிணறு சிவகங்கையாம், எம் பாய் புதுக்கோட்டையாம். தண்ணி சேந்த பாஸ்போட்டு எடுக்கணுமா சார்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "புள்ளைக நெலமைதான் யோசனையா இருக்கு. புதுசா வாரவ சாம்பார்ல பருப்பப் போடுவாளான்னு யாரு கண்டா."

செம்மலை சும்மா இருக்காமல், "கோடு சரியாத்தான் போகுதா? யாரும் தப்பா அளந்துருப்பாகளோ?" என்றார்.

அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏய், அதெல்லாம் சொல்லாத. சார் மதில் மேல ஏறி ஒக்காந்து, வெயில்ல, அரை மணி நேரம் அளந்தாக. நாந்தேன் பாத்தேனே. எந்தச் சர்வேயரு அம்புட்டு ஒசரம் ஏறுவாக?"

எனக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

பிப்ரவரி 7

உடம்பெல்லாம் அரிக்கிறது. வேர்க்குரு என்கிறாள் அனிதா. பிப்ரவரியில் என்ன வேர்க்குரு?

பிப்ரவரி 14, வெள்ளி

ஒரு வழி தோன்றியது. கோட்டை நகர்த்த முடியாவிட்டால் அடுப்பை நகர்த்தினால் என்ன? அக்காவின் அடுப்பைத் தூக்கிப் பெரிய வீட்டு அடுப்படியில் வைத்துவிட்டால் சிவகங்கை. எவ்வளவு சுலபம். ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று என்னையே மெச்சிக்கொண்டு சென்னையில் இருக்கும் வீட்டுக்கார ஆச்சிக்குப் போன் போட்டேன்.

ஆச்சி நல்ல மாதிரி. பொறுமையாகக் கேட்டார். "பொன்னுத்தாயிக்குன்னா எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனா வீடு நான் ஒருத்தி வீடா? பதினாலு பங்கு. வளவுக்குள்ள ஒரு ஆணி அடிக்கணும்னாலும் பதினாலு பேரும் கையெழுத்துப் போடணும்" என்றார்.

"வாங்கிடலாம் ஆச்சி."

"மூணு பேரு சிங்கப்பூர்ல. ரெண்டு பேரு ஒருத்தருக்கொருத்தர் பேசி ஒம்பது வருசமாச்சு."

"எதனால ஆச்சி?"

"அடுப்படியில யாரு கொல்லாங்கொட்டை வறுக்குறதுன்னு."

போனை வைத்துவிட்டு மொட்டைமாடியில் நாற்பது தடவை நடந்தேன். ஒரு நாடு பிரிய இரண்டு கையெழுத்து போதும். ஒரு அடுப்பு நகரப் பதினாலு.

பிப்ரவரி 20, வியாழன்

தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கார்த்திகேய சிவம் சார் அறைக்குப் போனேன். பாதித் தைரியம் வாசலிலேயே போய்விட்டது. ஆகவே பாதி உண்மை சொன்னேன். "சார், நாப்பத்தேழாம் கல்லுல கருவிக் கோளாறு இருந்துருக்கலாம்னு ஒரு சந்தேகம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதே கருவியிலதானே நூத்திப்பன்னெண்டும் எடுத்தீங்க?"

"ஆமா சார்."

"அப்ப நூத்திப்பன்னெண்டும் சந்தேகமா? ரெண்டு நாட்டு மந்திரியும் கையெழுத்துப் போட்டாச்சு ஃபெலிக்ஸ். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்றீங்களா?"

"இல்ல சார், கருவி நல்ல கருவி" என்றேன்.

கருவிக்கு நற்சான்று கொடுத்துவிட்டு வெளியே வந்த ஒரே குற்றவாளி நானாகத்தான் இருப்பேன்.

பிப்ரவரி 27

செம்மலை என்னை ஒரு மாதிரி பார்க்கிறாரா, இல்லை எனக்கு அப்படித் தெரிகிறதா?

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் பூசும்போது கண்ணை மூடினேன். நீல சோப்புத் துண்டு தெரிந்தது.

மார்ச் 8, சனி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். எவ்வளவு வருடமாச்சு என்று கேட்டார் சாமியார். நாலு என்றேன், ஆறு இருக்கும். அதையும் பிறகு திருத்திச் சொன்னேன். திருத்தும் பழக்கம் எப்படியாவது தொடங்கட்டும் என்று.

சொல்லி முடித்தேன். நாய், மதில், 'அளக்குறேன்', சோப்பு, பொன்னாடை, எல்லாம். வலைத்தடுப்புக்கு அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஒரு சத்தம். இருமல்தான் என்று நம்புகிறேன். சாமியார்கள் அங்கே சிரிக்கக் கூடாது.

பிறகு குரல் தெளிவாக வந்தது. "ஆண்டவர் மன்னிப்பார், அதுல சந்தேகமில்ல. ஆனா அந்தம்மாவுக்கு வேலை போனா அதை ஆண்டவரா திருப்பிக் குடுப்பாரு? கேக்க வேண்டிய எடத்துல கேட்டுட்டு வாங்க."

"சாமி, ரெண்டு நாடும் சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. எனக்குத் தெரிஞ்சு ரெண்டு நாடும் ஒண்ணாச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

மார்ச் 9, ஞாயிறு

அனிதாவிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடாமலே கேட்டாள்.

"நாய் வெரட்டுனது எனக்கு ஜனவரியிலயே தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"பேன்ட்டு பின்னாடி கிழிஞ்சிருந்துச்சு, முன்னாடி பூராம் மதில் சுண்ணாம்பு. நீக வந்ததும் வராததுமா, நாய்க்கடிக்கு எத்தன ஊசின்னு போன்ல தேடுனீக. இதுக்கு மேல ஒரு பொண்டாட்டிக்கு என்ன தெரியணும்?"

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"சொல்லுவீகன்னு இருந்தேன். கல்லு சமாச்சாரம் எனக்குத் தெரியாதே." விடைத்தாளை ஓரமாக வைத்தாள். "ஏங்க, அந்தம்மா சோத்தத்தான நம்ம பக்கத்து வீட்டு மரியதாஸ் புள்ளைக ரெண்டும் தின்னுது. நாளைக்கிப் போய்ச் சொல்லுங்க. மொதல்ல அவககிட்ட. ஆபீசுக்கு அப்புறம்."

அந்த வரிசை எனக்குத் தோன்றியிருக்காது.

மார்ச் 10, திங்கள்

சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்குப் போனேன். அக்கா கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கல்லில்தான். ஒவ்வொரு அடியும் என் முதுகில் விழுவது மாதிரி இருந்தது. நின்றபடியே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று.

முதலில் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு! சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு. "எங்க துரைக்குப் பயந்தா? சார், அந்த நாய்க்குப் பன்னெண்டு வயசு. பூனையக் கண்டாலே கட்டிலுக்கடியில போயிரும்."

நானும் சிரித்தேன். அது தப்பு. நான் சிரித்ததும் அவர் நிறுத்திவிட்டார்.

"ரெண்டு மாசமா தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்க்கா."

"அன்னைக்கி எங்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சீகளே, அன்னைக்கித் தெரியுமா?"

"தெரியும்."

கையில் பிழிந்து வைத்திருந்த துணியை அப்படியே கல்லில் வைத்தார். "நாய்க்குப் பயந்தது ஒரு குத்தமா சார். யாருந்தேன் பயப்படுவாக. எறங்கி வந்து 'யாத்தா, தப்பாக் குறிச்சுப்புட்டேன்'னு சொல்லிருந்தா நானே ஒங்கள அந்தப் பொதருக்குள்ள கூட்டிட்டுப் போயி கல்லக் காமிச்சிருப்பேன். எனக்குத் தெரியும் அது எங்க இருக்குன்னு. ஆடு கட்டுற கல்லு." வாளியைக் காலால் நகர்த்தினார். "நானு ஒங்களுக்காக அந்தாளுகூட சண்ட போட்டேனே."

என்ன மனுசன் நான். நாயக் கூடக் குத்தம் சொல்ல முடியல இப்ப.

வரும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். "எழுதிக் குடுத்துருவீகள்ல?"

"நாளைக்கே."

"நாயின்னு எழுதுவீகளா? இல்ல அதுக்கும் கருவியச் சொல்லுவீகளா?"

கருவி சமாச்சாரம் அவருக்கு எப்படித் தெரியும்? செம்மலை!

மார்ச் 11, செவ்வாய்

பிழைத் திருத்த விண்ணப்பம் என்று ஒரு படிவம் இருக்கிறது. எட்டாவது கட்டம்: 'பிழைக்கான காரணம்'. முதலில் 'தவிர்க்க இயலாத கள நிலவரம்' என்று எழுதினேன். கிழித்தேன். 'விலங்கின் இடையூறு' என்று எழுதினேன். யானை வந்தது மாதிரி இருந்தது. கிழித்தேன்.

மூன்றாவது படிவத்தில் 'நாய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொன்னாடையையும் மடித்து உடன் வைத்தேன்.

கார்த்திகேய சிவம் சார் இரண்டு தடவை படித்தார். "இதை நான் புதுக்கோட்டைக்காரனுக்கு அனுப்பணும், தெரியும்ல?" என்றார். பிறகு, "பொன்னாடைய எடுத்துட்டுப் போங்க. அதை வரவு வைக்க ரிஜிஸ்டர் கிடையாது."

மார்ச் 15

புதுக்கோட்டையிலிருந்து பதில். நேரில் வந்து பார்ப்பார்களாம். பத்தொன்பதாம் தேதி. மண்ணை விட்டுத் தர முகாந்திரம் இல்லை என்றும் ஒரு வரி. வீட்டுக்குள்ளேயே நடந்தபடி இருக்கிறேன் என்று அனிதா என்னைக் கடைக்கு விரட்டினாள்; கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பினேன்.

மார்ச் 19, புதன்

பதினோரு மணிக்கு அந்தக் கிணற்றடியில் இரண்டு நாடுகளும் கூடின. இந்தப் பக்கம் கார்த்திகேய சிவம் சார், நான், செம்மலை. அந்தப் பக்கம் ராமநாதன் என்று ஒரு அதிகாரி, இரண்டு குமாஸ்தா, ஒரு போட்டோகிராபர். நாயைக் கட்டிப்போட்டிருந்தார்கள். குமாஸ்தா ஒருவர் நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து உதட்டைக் கடித்தார்.

ராமநாதன் சார் விறைப்பான ஆள். இன்னும் பதின்மூன்று நாளில் நாடாகப் போகும் ஒரு தேசத்தின் முதல் விறைப்பு அது. "நீங்க தப்பாக் குறிச்சதா சொல்றீங்க. எங்களுக்கு ஆவணந்தான் முக்கியம். உங்க ஆளு எடுத்த போட்டோ, உங்க ஆளு போட்ட கையெழுத்து. 'கல் நல்ல நிலையில் உள்ளது'ன்னு எழுதியிருக்கீங்க. இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்" என்றேன். நல்ல நிலையில்தான் இருந்தது.

"அப்புறம் என்ன? இது எங்க நாட்டு எல்லைக்கல். அரசிதழ்ல வந்தாச்சு. முப்பத்து நாலு அடிதானேன்னு நினைக்காதீங்க, மண்ணுன்னா மண்ணு. வர்ற ஒண்ணாந்தேதி மந்திரி இந்தக் கல்லுக்கு மாலை போட வர்றாரு."

போச்சு என்று நினைத்தேன். அப்போதுதான் அக்கா வாளியோடு அறையை விட்டு வெளியே வந்தார். பள்ளிக்கூடத்துக்கு அன்று லீவு போட்டிருந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கல்லுக்குப் போனார், வாளியிலிருந்து ஒரு பாவாடையை எடுத்தார், சோப்பைப் போட்டார், ஓங்கி ஒரு அடி. நுரை ராமநாதன் சார் சட்டை வரைக்கும் தெறித்தது.

"என்னம்மா இது! என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியலீகளா? தொவைக்கிறேன்."

"இது எல்லைக்கல்லும்மா."

"இருக்கட்டும் சார். இருவத்திரெண்டு வருசமா எம் பாவாடைய இதுலதான் அடிக்கிறேன். தீட்டுத் துணியெல்லாம் இதுலதான் அலசிருக்கேன். ஒங்க மந்திரி மாலை போட வாராகன்னா வரட்டும், அன்னைக்கி மட்டும் பத்து மணிக்கெல்லாம் தொவைச்சு முடிச்சிருவேன். மத்த நாளு இதுலதான் அடிப்பேன், வேற கல்லு கெடையாது." நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "நானும் ஒங்க நாட்டுக்காரிதான, இனிமே? ஒங்க நாட்டுக்காரி ஒங்க நாட்டுக் கல்லுல தொவைக்கிறதுக்கு சட்டத்துல தடை இருக்கா?"

போட்டோகிராபர் பழக்கதோஷத்தில் ஒரு படம் எடுத்துவிட்டார். ராமநாதன் சார் திரும்பி, "அதை அழி" என்றார். கிளிக் சத்தம் மறுபடி கேட்டது. "அழின்னு சொன்னேன்!"

அதற்குப் பிறகு யாரும் மண்ணைப் பற்றிப் பேசவில்லை. ராமநாதன் சார் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டே எங்கள் சாரிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பழைய கல்லு எங்க இருக்குன்னீங்க?"

அக்காதான் புதருக்குள் வழிகாட்டினார். ஆடு கட்டிய கயிறு கல்லில் இருந்தது. தலையில் 47 என்று வெட்டியிருந்தது, பாசிக்கு அடியில்.

திரும்பும்போது அக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை. செம்மலை மட்டும் காதருகே வந்து, "சார், இன்னிக்கி மதில் ஏறி வேடிக்கை பாத்திருந்தா இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

மார்ச் 24, திங்கள்

உத்தரவு வந்தது. நாற்பத்தேழாம் கல் புதரில் உள்ளதே. திருமதி பொன்னுத்தாயி சிவகங்கை நாட்டுக் குடி. 'களப்பணியாளர் நாய்க்கு அஞ்சியமையால் நேர்ந்த பிழை' என்று அச்சில், இரண்டு நாட்டு முத்திரையோடு. என்னை வெளிவேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி ஆபீசில் படப்பிரிவு. மின்விசிறிக்குக் கீழே நாற்காலி, வரைபடங்களை ஒழுங்குபடுத்தும் வேலை. செருப்பு தேயாது. மதில் கிடையாது.

அரிப்பு நின்றுவிட்டது என்று எழுத வந்தேன். எழுதும்போதே கழுத்தைச் சொறிகிறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று காலை எழுந்தபோது வேறு நாட்டில் இருந்தேன். பால்காரர் அதே நேரத்துக்குத்தான் வந்தார், பாலும் அதே தண்ணீர்.

டீக்கடையில் வலையபட்டிப் பக்கத்து ஆள் ஒருவர், இன்று முதல் அயல்நாட்டார், என் கதையை எனக்கே சொன்னார். நாய் இரண்டாகிவிட்டது. சர்வேயர் கிணற்றுக்குள் விழுந்துவிட்டாராம். "பாவம்ங்க அந்தாளு" என்றார். நானும் "பாவம்" என்றேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோவிலுக்குப் போகும் வழியில் பொன்னுத்தாயி அக்காவைப் பார்த்தேன். நின்றேன். அவரும் நின்றார். "துரை ஒங்களக் கேட்டுச்சு" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். அது சமாதானமா, கேலியா? அனிதா, ரெண்டும்தான் என்கிறாள்.

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம். மரியதாஸ் மகன் சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்கிறான்.

இன்று ஒப்பந்தத்தோடு இணைத்த அதிகாரபூர்வ வரைபடம் எங்கள் பிரிவுக்கு வந்தது. இரண்டு நாட்டுக்கும் சட்டப்படி இதுதான் எல்லை. கல்லும் படமும் ஒத்துப்போகாவிட்டால் படமே செல்லும் என்று அடிக்குறிப்பு. அட்டவணையில் பதிய, அளவுகளைக் குறிக்கச் சொன்னார்கள். குறித்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்நூறு மீட்டர். எல்லைக்கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர். தரையில் அது இருபத்தைந்து மீட்டர், அதாவது எண்பத்திரண்டு அடி. துவைக்கிற கல், புதருக்குள் இருக்கும் கல், இரண்டும் அந்தக் கோட்டின் மைக்குள்ளேதான் இருக்கின்றன.